கழுத்தில் ஒன்றுமில்லை

படப்பை போகும் ஷேர் ஆட்டோவில், எதிர் சீட்டில் கம்பெனி யூனிபார்ம் போட்ட இருவர்.

"கழுத்துல கோளாறு இல்லன்னு டாக்டருக்கு வருத்தம்ணே," என்றான் இளையவன்.

"இன்னாடா சொல்ற? கையில பலமில்லன்னுதானே சொன்ன?"

"ஆமா, ஸ்க்ரூ முடுக்குற கன் கையிலேர்ந்து நழுவுது. அதுக்குத்தான் மூளை, முதுகுத்தண்டு ரெண்டும் ஸ்கேன் எடுத்தாங்க. எல்லாம் சுத்தமா இருக்கு."

"அப்ப சந்தோஷப்படுடா. நம்ம லைன்ல செக்கிங்ல குறை இல்லன்னா ஓகே ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிடறோம்ல?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். கழுத்துல நரம்பு அமுங்கியிருந்தா ஆபரேஷன் பண்ணிரலாமாம். அது இல்லன்னா, தசையை ஆட்டுற நரம்பே சாகுற வியாதியா இருக்கலாமாம். அது ஆரம்பத்துல ஸ்கேன்ல சரியாத் தெரியாதாம். இன்னும் டெஸ்ட் இருக்கு."

பெரியவர் அவன் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்கேன்ல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு அம்மா மாரியம்மனுக்கு வேண்டியிருந்துச்சு. இந்நேரம் ஊர்ல பொங்கல் வச்சுக்கிட்டிருக்கும்ணே."