பூசணம் விழித்த அறை

திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு வாழைக்காய் வியாபாரி, பக்கத்திலிருந்த துறைமுகத்தில் சரக்கு அனுப்பிவைக்கும் கிளியரிங் ஏஜெண்டிடம் குமுறிக்கொண்டிருந்தார்.

"காய் அடுக்கி வச்ச ரூம்ல கரியமில வாயுவக் கூட்டி வச்சா பூசண வித்து முளைக்காதாம்லே. குளிர் ரூம்காரன் சொல்லுதான். பொறவு எங்காய்ல மட்டும் எப்படிலே பூசணம் புடிச்சு காம்பு கறுத்துச்சு?"

"முளைக்காதுன்னா செத்துப்போச்சுன்னு இல்ல அண்ணாச்சி. உறங்கிக் கெடக்கும். வாயு வெளிய போச்சுன்னா முழிச்சிக்கிடும்."

"அப்போ எவனோ கதவத் தொறந்திருக்கான். நல்ல காய எடுத்துட்டு வேற காய வைக்கப் பாத்திருக்கான். எனக்கு மொதல்லயே சந்தேகம்."

"காய் மாறியிருந்தா ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? சீப்புக்குச் சீப்பு நீல மையில குறி போட்டிருக்கேன். தெனமும் காலையில போயி, கதவ அரைமணி நேரம் தொறந்து போட்டு, ஒண்ணொண்ணாப் பாத்துட்டுத்தான வாரேன். ஒரு சீப்பு மாறல."

பேருந்து ஆத்தூர்ப் பாலத்தைத் தாண்டியது. ஏஜெண்ட் மெதுவாகக் கேட்டார்: "அந்த அரைமணி நேரத்துல வாயு எங்கன போயிருக்கும் அண்ணாச்சி?"

வியாபாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, அந்த ரூம்காரன் ஒனக்குச் சொந்தமா?"