கும்மிப் பாட்டில் வந்த புருஷன்

உடன்குடி போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு நாத்தனாரும் அவள் தம்பி பெண்டாட்டியும் இருந்தார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகிறார்கள் போல. நான் ஒன்றும் கேட்காதவள் மாதிரி இருந்தேன்.

"ஏளா, என் தம்பியக் குடிகாரன்னு கும்மியில பாட்டுக் கட்டி மானத்த வாங்கிட்டியே. இன்னைக்கும் பாடினா வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு சொல்லுதான்."

"விடாட்டிப் போறாரு மைனி. அவரு குடிய நிறுத்தட்டும், நான் பாட்ட நிறுத்துதேன்."

"போன கொடையில ஊரே சிரிச்சுது."

"சிரிக்கட்டும். அன்னைக்கு மொதக் குலவை போட்டது யாருன்னு உங்க அம்மாட்ட கேளுங்க."

நாத்தனார் திடுக்கிட்டு எதிர் சீட்டைப் பார்த்தாள். அங்கே இருந்த மாமியார் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

"நான்தான் போட்டேன். ஏ மருமவளே, அவன் ஒன்னய அடிச்சதச் சொல்லுத எடத்த இன்னைக்கு இன்னும் சத்தமாப் பாடு. பின்னால நின்னவளுவளுக்குக் கேக்கல."