கண்ணாடிக்காரர் வீட்டம்மா

— கடைசி வரியையும் படிச்சிட்டியே! அந்த எறும்பு எழுத்தைப் பாத்து இருபது வயசுப் பசங்களே முழிச்சுக்கிட்டு நிப்பாங்க.

— படிக்காம என்ன? உங்களைக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து இந்தக் கடையில அந்த எழுத்துப் பலகையைத் துடைச்சவ நான்தானே. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

— அதனாலதான் இன்னைக்குப் பலகையையே மாத்திட்டேன், மகாராணி. கவனிச்சியா?

— இல்லையே.

— பாத்தியா! ஒப்பிக்கல, படிச்சிருக்க. அப்போ இந்த லென்ஸ்தான் சரி. நெத்தியை நேரா வை. மூக்கை அழுத்துதா?

— அது அழுத்தல, நீங்கதான் அழுத்துறீங்க. இன்னும் எத்தனை கண்ணாடிங்க எனக்கு? கடைக்கு வர்றவங்களுக்குக்கூட இப்படி மாத்தி மாத்திப் போட்டதில்ல நீங்க.

— வர்றவங்க வந்த வழியே போயிடுவாங்க. நீ எங்க போகப் போற?

— நரம்பு டாக்டர் உங்க முன்னாடிதானே சொன்னார்? பார்க்கின்சன்னா வெறும் கை நடுக்கம் இல்ல, கண்ணு அனுப்புறதை மூளை சரியா வாங்கிக்க மாட்டேங்குதுன்னு. கண்ணாடியில தீருற சமாசாரமா இது?

— அவர் நரம்பைப் படிச்சவர். நான் கண்ணோடயே குடும்பம் நடத்தினவன். பேச்சை விடு. இதோ மேசை, இதோ கப்பு. ஜக்கைப் பிடிச்சுத் தண்ணியை ஊத்து.

— கப்பு எங்க இருக்கு?

— உனக்கு நேரா.

— துணிதான் தெரியுது. இதுவா?

— ஐயோ, அது என் கை! நிறுத்து, நிறுத்து! முழங்கை வரைக்கும் குளிப்பாட்டிட்ட.

— நான் என்னங்க பண்ணுவேன்? வெள்ளைத் துணி மேல வெள்ளைக் கப்பை வெச்சா, பாலுக்குள்ள பாலை ஊத்தின மாதிரி காணாமப் போயிடுது.

— சரி, அழாதே.

— நான் அழல.

— அழறியா சிரிக்கிறியான்னு இப்பல்லாம் எனக்குப் புரியறதே இல்ல. உன் முகம் பூட்டின கடை மாதிரி ஆயிடுச்சு. உள்ள ஆள் இருக்கா, இல்லையான்னு வெளிய நின்னு பாக்க வேண்டியிருக்கு.

— எனக்கும் உங்க முகம் பிடிபட மாட்டேங்குது. மூக்கு தெரியுது, மீசை தெரியுது. கோபமா சிரிப்பான்னுதான் தெரியல. இத்தனை மாசமா என் மேல கோபமா இருக்கீங்கன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

— கோபமா? உன்னைப் பாத்து இளிச்சு இளிச்சு எனக்குக் கன்னமே வலிக்குதடி!

— அப்போ வாய்விட்டு இளிங்க. காது நல்லாத்தான் இருக்கு எனக்கு.

— ஹா ஹா ஹா! போதுமா?

— கேவலமா இருக்கு. ஆனா போதும்.

— இரு, பேனா வைக்கிற சிவப்புக் கப்பைக் கழுவி எடுத்துட்டு வரேன்... ம், இப்போ ஊத்து. மெதுவா. அவசரமே இல்ல... அப்படித்தான்... அட! கழுத்து வரைக்கும் ஊத்திட்டியே! ஒரு சொட்டு வெளிய போகல! சொன்னேனா இல்லையா? லென்ஸ்னா இது லென்ஸ்!

— என் முகத்தை நிமிந்து பாருங்க.

— என்ன பாக்கணும்?

— கண்ணாடி எங்க இருக்கு?

— கண்ணாடி... மேசை மேல. எப்போ கழட்டின?

— நீங்க கப்பைக் கழுவப் போனப்போ. நீங்க தண்ணியையே பாத்துக்கிட்டு இருந்தீங்க.

— ...

— என்னங்க, ஏதாவது பேசுங்க. பேசலைன்னா உங்க முகத்துல என்ன ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

— அப்போ லென்ஸ் இல்ல.

— இல்லைங்க. துணி வெள்ளை, கப்பு சிவப்பு. அவ்வளவுதான்.

— சரி, அவ்வளவுதானே? வீட்டுல இருக்கிற வெள்ளைக் கப்பை எல்லாம் இன்னைக்கே கட்டித் தூக்கிப் போடறேன். வேற எது எது தெரியல, சொல்லு.

— வாசல்ல கறுப்பு மிதியடி கிடக்கு பாருங்க, அது எனக்குக் குழி மாதிரி வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கு. அதான் அங்க வந்தாலே கால் தரையோட ஒட்டிக்குது.

— நான் என்னமோ நீ கதவைப் பிடிச்சுக்கிட்டு யோசனை பண்றன்னு நெனச்சேன்! அதையும் கடாசிடலாம். படிக்கட்டு விளிம்புக்கெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடிச்சிடறேன். தொட்டில் கம்பிக்குச் சிவப்புத் துணி சுத்திட்டா முடிஞ்சது வேலை.

— தொட்டிலுக்கு எதுக்கு?

— பேத்திக் குட்டி வர்றாளே! நம்ம பொண்ணுகிட்ட காலையிலயே பேசிட்டேன். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி போட்டாச்சு, இனிமே பயம் இல்ல, பழையபடி குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு வேலைக்குப் போன்னு. கிளம்பிட்டா.

— என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படிங்க சொன்னீங்க?

— உன்னை என்ன கேக்கறது? குட்டி கீழ விழுந்து நெத்தி வீங்கினதுலேர்ந்து பொண்ணு இந்தத் தெருப் பக்கமே வரல. நீ என்னடான்னா அந்தச் சின்ன கவுனை மடிக்கிறதும் பிரிக்கிறதுமா உக்காந்திருக்க. பெத்த பொண்ணு கூப்பிட்டாலும் போன்ல ரெண்டு வார்த்தை. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல.

— வர வேணாம்னு சொல்லுங்க.

— ஏய், தொட்டில் தூரம் தப்பாத் தெரிஞ்சு குழந்தையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்ட. வேணும்னேவா பண்ணின? அதுக்குத்தான் இப்போ வழி கண்டுபிடிச்சாச்சே.

— போனை எடுங்கன்னா எடுங்க!

— அப்பா, கடைக் கதவை ஏன் பாதி இறக்கி வெச்சிருக்கீங்க? குனிஞ்சு வர்றதுக்குள்ள குட்டி என் முடியைப் பிச்சுட்டா.

— வாம்மா, வா! உன்னைப் பத்திதான் பேசிக்கிட்டு இருந்தோம். உங்க அம்மா இப்போ கப்புல கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தினா தெரியுமா? தரையில ஒரு பொட்டு இல்ல!

— அம்மா... நான் அன்னைக்குக் கத்தினதை மனசுல வெச்சுக்காதே. குழந்தை விழுந்த பதட்டத்துல வாய்க்கு வந்ததைக் கொட்டிட்டேன். பெத்த அம்மாவைப் பாத்து, உன்னை நம்பி எப்படி விடுவேன்னு கேட்டுட்டு, வீட்டுக்குப் போய் நானே அழுதுக்கிட்டு கிடந்தேன்.

— நீ கேட்டதுல தப்பில்லடி.

— தப்புதான். இந்தா, உன் பேத்தி. உன் குரலைக் கேட்டதும் எப்படித் தாவுறா பாரு! பிடிம்மா. ரெண்டு கையையும் நீட்டறாளே.

— தெரியுதுடி.

— வாங்கிக்கோ, மகாராணி. நான் பக்கத்துலயேதான் நிக்கிறேன்.

— அப்பா, அம்மா ஏன் மரம் மாதிரி நிக்கிறா? முகத்துல ஒரு சிரிப்புகூட இல்ல. என் மேல ஆத்திரம் தீரலையா?

— ஆத்திரம் எல்லாம் இல்லம்மா. வியாதி அவ முகத்தை அப்படிக் கட்டிப் போட்டுடுச்சு. உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டுதான் இருக்கா.

— உள்ளயும் சிரிக்கலைங்க. குட்டி உன் இடுப்புலயே இருக்கட்டும்டி. உக்காருங்க ரெண்டு பேரும்.

— என்னம்மா ஆச்சு?

— அன்னைக்கு எனக்குத் தொட்டில் தெரிஞ்சுது. எவ்வளவு தூரத்துல இருக்குன்னும் தெரிஞ்சுது. நான் எதையும் தள்ளி வைக்கல.

— அப்புறம் எப்படி விழுந்தா?

— கொஞ்ச நாளாவே எனக்கு ஒரு குழந்தை தெரியுது. அழாது, சத்தம் போடாது. நாற்காலியில உக்காந்திருக்கும், சில நேரம் கட்டிலுக்கு அடியில தவழும். அப்படி ஒரு குழந்தை இந்த வீட்டுல இல்லைன்னு எனக்கே தெரியும். தெரிஞ்சாலும், பாக்குறப்போ அது இருக்கு.

— ஏன்டி, என்கிட்ட சொல்றதுக்கு என்ன?

— கோளாறு கண்ணுலன்னு நம்பி நீங்க சாப்பிடாமக்கூட லென்ஸ் உரசிக்கிட்டு இருந்தீங்க. தூரம்தான் தப்பாத் தெரிஞ்சுதுன்னு நீங்களே முடிவு பண்ணினப்போ, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். வேற என்ன சொல்லட்டும்? புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சொல்லிட்டா, அப்புறம் குட்டியை என் கண்ணுலயாவது காட்டுவீங்களா?

— அம்மா, டாக்டர்கிட்ட சொன்னா மாத்திரையை மாத்தித் தருவாரும்மா. இதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கும்.

— சொல்றேன். நாளைக்கே வந்து எல்லாத்தையும் சொல்றேன். ஆனா இன்னைக்கு இவளை என்கிட்ட குடுக்காதே.

— உன்கிட்ட குடுக்காம யாருகிட்ட குடுப்பேன்? இல்லாத குழந்தை எங்கயோ உக்காந்துட்டுப் போகட்டும். என் குழந்தையை அது என்ன பண்ணிடும்?

— அன்னைக்கு அது ஜன்னல் விளிம்புல ஏறி நின்னுச்சு. கால் வழுக்கிடுச்சு. பெத்து வளத்தவடி நான், ஒரு பிள்ளை விழறதைப் பாத்துட்டு எப்படி நிப்பேன்? பிடிக்கலாம்னு ரெண்டு கையையும் நீட்டிட்டேன். உன் பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு இருந்ததும் அந்த ரெண்டு கைதான்டி.