ராணிக்கு ஒண்ணுமில்ல

ஸ்ரீலேகா: ஃபோட்டோல பாதி இருட்டு, பாதி உங்க கட்டைவிரல். இதைப் பாத்து நான் என்னன்னு வைத்தியம் சொல்றது, வானமாமலை? யாரோட குதிரை இது?

வானமாமலை: நம்ம சிநேகிதன் ஒருத்தனோடது, டாக்டரம்மா. அவனுக்குப் பேசக் கூச்சம். அதான் நான்...

ஸ்ரீலேகா: ஆண்குதிரை. காயடிச்சதா?

வானமாமலை: ஆமா. வயசும் ஆயிட்டு.

ஸ்ரீலேகா: குறியில காலிஃபிளவர் மாதிரி வளர்ந்திருக்கே. எப்போலேர்ந்து?

வானமாமலை: பொங்கல் சமயத்துல மிளகு கணக்கா இருந்துச்சாம். இப்பம் மூத்திரத்தோட ரத்தம் சொட்டுதுங்கான். ஒரு களிம்பு மட்டும் சொன்னியன்னா...

ஸ்ரீலேகா: களிம்பா? பாப்பிலோமான்னு ஒரு வைரஸ், அதனால வர்ற மரு மாதிரி இருக்கு. விட்டுவெச்சா புற்றுநோயாக்கூட மாறும். வெட்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். அந்த இடத்தைக் கடைசியா எப்போ கழுவினாராம்?

வானமாமலை: அத... கழுவணுமா?

ஸ்ரீலேகா: தலையெழுத்து. வாலுக்கு ஷாம்பூ போடத் தெரியறது, இது தெரியலை.

மாரீஸ்வரி: ஏங்க, டாக்டரம்மாவா? உள்ளதச் சொல்லுங்க.

வானமாமலை: சும்மா கெட, ஏட்டி. ஒண்ணுமில்ல டாக்டரம்மா, வீட்டுக்காரி.

ஸ்ரீலேகா: உங்க குதிரை, ராணி எப்படி இருக்கா?

வானமாமலை: ராணிக்கு ஒண்ணுமில்ல. சாயந்திரம் செம்பூர்ல கல்யாண ஊர்வலம். ஜோடிச்சு நிப்பாட்டியாச்சு.

ஸ்ரீலேகா: சிநேகிதர் குதிரையும் ஊர்வலத்துக்குப் போறதா? சேட்டு வீட்டு மாப்பிள்ளைன்னா பெண்குதிரை மேலன்னா வரணும்பாளே?

வானமாமலை: அதுக்குத்தான்... வயித்துக்குக் கீழ வரைக்கும் ஜரிகைத் துணிய இழுத்துக் கெட்டிருவான். ஆடுத ஜோர்ல எவன் குனிஞ்சு பாக்கான்?

ஸ்ரீலேகா: பாம்பே வேர்வையில, புண்ணு மேல ஜரிகை. பேஷ். அவர்கிட்ட ஃபோனைக் குடுங்கோ.

வானமாமலை: அவன்... வாஷி போயிட்டான்.

ஸ்ரீலேகா: குதிரை எந்தத் தபேலாவுல, எந்தக் கொட்டில்ல நிக்கறது? நானே போய்ப் பாத்துக்கறேன்.

வானமாமலை: வேண்டாம் டாக்டரம்மா. நீங்க வந்து துணியத் தூக்குனா பக்கத்துக் குதிரைக்காரனுவ பாப்பானுவ. ஆம்பளக் குதிரைய வச்சு ஏமாத்துதான்னு தாராவி பூரா சொல்லிருவானுவ. பொறவு ஒரு கல்யாணத்துக்கும் எவனும் கூப்பிட மாட்டான். அவன் குடும்பம் எங்க போகும்?

ஸ்ரீலேகா: குதிரை செத்துப்போனா எங்கே போகும்?

வானமாமலை: இன்னிக்கி ஒரு நாள் மட்டும்... நாளைக்கி நானே கூட்டியாரச் சொல்லுதேன்.

ஸ்ரீலேகா: ரத்தம் சொட்டச் சொட்ட ஒரு மாப்பிள்ளையைச் சுமக்கணுமா அது?

மாரீஸ்வரி: நல்லாக் கேளுங்க. விடியக்காலத்துலருந்து கொள்ளுல வாயே வைக்கல. பின்னங்கால உதறி உதறி நிக்கி.

ஸ்ரீலேகா: வாஷிக்காரர் குதிரை நிக்கறது உனக்கு எப்படிம்மா தெரியும்?

வானமாமலை: ஏட்டி, ஃபோனைக் குடு... ஏட்டி...

மாரீஸ்வரி: சிநேகிதனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, டாக்டரம்மா. நம்ம ராணிதான் அது. வாங்கையிலயே ஆம்பளதான். இந்த மனுசன் பொட்டக் குதிரைன்னு பேர் வச்சுத் துணியக் கெட்டுனாரு. கெட்டிக் கெட்டி எனக்கே மறந்துபோச்சு. இன்னிக்கி அது இந்த வாசலத் தாண்டாது, நான் விடமாட்டேன். பொய் சொன்னோம்னு கோவிச்சுக்கிட்டு வராம இருந்திராதிய...

ஸ்ரீலேகா: உங்க மேல கோவிச்சுக்க எனக்கு என்ன யோக்கியதை, மாரீஸ்வரி? போன மழையில ராணி கால்ல ஆணி குத்தினப்போ, குளம்பை மடியில வெச்சுண்டு அடியில உட்கார்ந்தவ நான். ஆண்குதிரைன்னு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சதைக் காட்டிண்டா அப்புறம் என்னைக் கூப்பிடவே மாட்டார்னு, கழுவுங்கோன்னுகூடச் சொல்லாம வந்துட்டேன். துணியை அவுத்துவிடு. மாட்டுங்காவிலேர்ந்து கிளம்பியாச்சு.