கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்த டக்ளஸ் ஐயாவுக்கு

கண்ணியம் மிக்க கண்காணிப்பாளரே! கனிவே உருவான காவலரே!

‘கண் இமைக்காமல் எங்களைக் காத்த கருணைக் கடலே’ என்றும் ஒரு வரி எழுதி வைத்திருந்தோம். கண் இமைக்காமல் காத்தாரா, கண்ணை மூடிக்கொண்டு காத்தாரா என்று நலச் சங்கக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம் வந்துவிட்டதால் அந்த வரியை அடித்துவிட்டோம். அண்ணலே! டக்ளஸ் ஐயா அவர்களே! கெடா மாநிலம் லூனாஸ் ஊரிலுள்ள கையுறைத் தொழிற்சாலையின் தொழிலாளர்களாகிய நாங்கள், தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நன்னாளில், நெஞ்சு நிறைந்த நன்றியோடும், உண்மையைச் சொன்னால் ஒரு நீண்ட பெருமூச்சோடும், தங்கள் முன் நிற்கிறோம்.

பண்பின் பெட்டகமே! ஐம்பதுகளில் ரப்பர்த் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாகப் பணி தொடங்கி, தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது எங்களில் பலரைப் போலவே மூட்டை கட்டிக்கொண்டு பட்டணத்துக்கு வந்து, இந்த ஆலை திறந்த அன்றே இதன் மேல்மாடிக் கண்ணாடி அறையில் அமர்த்தப்பட்டீர்கள். இத்தனை ஆண்டுகளில் ஒருவர் வயிற்றிலும் அடித்ததில்லை. ஒருத்தியின் பிறப்பைச் சொல்லித் திட்டியதில்லை. குரலை உயர்த்தித் தாங்கள் பேசி எவரும் கேட்டதில்லை. ஆயினும், ஐயா, ஒரு காலத்தில் தங்களை நினைத்தாலே எங்களுக்குக் குலை நடுங்கும். அது ஏன் என்று இன்றாவது சபையில் சொல்லிவிட வேண்டும்.

அதை எங்களில் ஒருத்தியான பிரேமாவதியின் கதையாகச் சொல்வதே முறை. அவள் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டுகிறாள். சொல்லத்தான் போகிறோம்.

எண்பத்தைந்தாம் ஆண்டு பிரேமாவதி இங்கே தற்காலிக வேலைக்கு வந்தாள். கையுறைக்குள் காற்றை நிரப்பிக் கன்னத்தருகே பிடிப்பாள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் காற்று சில்லென்று கன்னத்தில் படும். அந்தக் கையுறையை ஒதுக்க வேண்டும். வேலை ஒன்றும் கடினமில்லை. கடினமாக இருந்ததெல்லாம் தலைக்குமேல் இருந்தது. அண்ணாந்து பார்த்தால் கண்ணாடி அறை. வெயில் படாதிருக்க அதன் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். உள்ளே இருப்பவருக்கு நாங்கள் தெரிவோம், எங்களுக்கு அவர் தெரியமாட்டார். தண்டாஸுக்கு, அதாவது கழிவறைக்கு, எடுத்துக்கொண்டு போக வரிசைக்கு ஒரே ஒரு மரக்கட்டை. அது ஆணியில் தொங்கினால் போகலாம், இல்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, தூணில் ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் மேலே இருப்பவர் எங்களைப் பார்க்கிறார் என்று பொருள். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எல்லாரும் சொன்னார்கள், எல்லாரும் நம்பினார்கள்.

விளக்கு எரிந்ததும் பேச்சு நிற்கும். பேசுகிறவளைப் பக்கத்தில் இருப்பவளே முறைப்பாள். ஒருத்தி வளையல் சத்தம் மேலே கேட்கும் என்று பயந்து வளையலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். பிரேமாவதியின் பக்கத்து இருக்கையில் பாப்பம்மா. தோட்டத்தில் பால்மரக் காட்டையே பாட்டால் அதிர வைத்த பாப்பம்மா, இங்கே வந்து மூன்றாண்டுகளில் முக்கால் ஊமையாகிவிட்டார்.

பிரேமாவதிக்குப் படிக்கிற பைத்தியம் உண்டு. பக்கத்து ஊரான கூலிமில் பழைய புத்தகக் கடையில், வரப்போகும் காலத்தைப் பற்றிய கதைகளாகத் தேடித் தேடி வாங்குவாள். அந்தக் கதைகளில் வரும் நகரங்களில் சுவருக்கும் கண் இருக்கும். பெற்ற பிள்ளையிடம் பேசவும் தாய் பயப்படுவாள். சிரிப்பதற்கும் அனுமதி வேண்டும். ஒருநாள் பஸ்ஸில் வரும்போது அவள் பாப்பம்மாவிடம் சொன்னாள்:

“அக்கா, இதெல்லாம் இனிமே வரப்போற காலம்னு எழுதுறாங்க. நமக்கு வந்திருச்சே லா!”

“மெதுவா பேசு புள்ள. பஸ்ஸுலயும் ஆள் வெச்சிருப்பாங்க.”

“தோட்டத்துல கங்காணி இருந்தாரு. ஆனா அவருக்கு மூஞ்சி இருந்திச்சி. முதுகுக்குப் பின்னால நாம நல்லா ஏசிக்கலாம். இங்க யார ஏசுறது?”

பாப்பம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஆண்டுக் கடைசியில், தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் சேர்த்து கேண்டீனில் நம் குடும்ப விழா. பஸ் ஓட்டும் குழந்தைவேலு அண்ணன்தான் விழாவுக்குச் செயலாளர், அறிவிப்பாளர், ஒலிபெருக்கிக்காரர், எல்லாம். வருடா வருடம் ஆண்கள் புராண நாடகம் போட்டு, கிரீடம் நழுவி மானத்தை வாங்கினார்கள். இந்த முறை பெண்கள் போடட்டும் என்று அவர் பிரேமாவதியைப் பிடித்துக்கொண்டார். அவளும் எழுதினாள். ‘கண்ணாடிக் கோபுரம்’ என்று பெயர். ஆலை அலுவலகத்தில் கேட்டபோது, “ரெண்டாயிரத்து அம்பதுல நடக்குற கதை சார்” என்று சொல்லி அனுமதி வாங்கிவிட்டார் குழந்தைவேலு. அவ்வளவு தூரத்துக் கதை என்றால் ஆபத்தில்லை என்று அவர்களும் தலையாட்டினார்கள்.

ஆபத்து பிரேமாவதிக்குத்தான் இருந்தது. தோட்டத் தொழிலாளியான அவள் தகப்பனாருக்கு மரம் விழுந்து இடுப்பு போனபின், தைப்பூசத்துக்குள் தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்யும்படி தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள். லூனாஸில் வீடு பார்த்தாயிற்று. ஆனால் நிரந்தர வேலையில் இருக்கிறவர்களுக்குத்தான் வாடகைக்குக் கொடுப்பேன் என்று வீட்டுக்காரர் ஒரே பிடியாக நின்றார். புத்தாண்டில் யாரை நிரந்தரமாக்குவது என்பது கண்ணாடி அறைக்காரர் சொல்லும் ஒரு வார்த்தையில் இருந்தது. அந்த நேரத்தில் போய் இப்படி ஒரு நாடகமா என்று அவளுக்கே உதறல்தான். அதனால் கடைசிக் காட்சியில் ஒரு தந்திரம் செய்திருந்தாள். தாய் வேடம் போட்ட அவளே ஓடிப்போய்க் கோபுரத்தின் திரையை இழுப்பாள். உள்ளே வெறும் நாற்காலி. “பாருங்கள்! இங்கே ஒருவரும் இல்லை!” என்று கத்துவாள். நாடகம் முடிந்துவிடும். யாரையும் குறை சொன்னதாக ஆகாது.

விழா நாளும் வந்தது. தலைமை தாங்க வேண்டிய நிர்வாகி அவசர வேலையாகப் பினாங்குக்குப் போய்விட, அவருக்குப் பதிலாகத் தங்களை அனுப்பினார்கள். ஐயா, நம்மவர் விழாவில் தலைமை தாங்குபவரை மேடையேற்றி மாலை போட்டு, இருப்பதிலேயே உயர்ந்த நாற்காலியில் அமர்த்தாவிட்டால் குழந்தைவேலு அண்ணனுக்குத் தூக்கம் வராது. அன்று மேடையில் இருந்த ஒரே உயர்ந்த நாற்காலி, நாடகத்துக்காக மாதா கோயில் மண்டபத்தில் இரவல் வாங்கி, உள்திரைக்குப் பின்னால் போட்டிருந்த கோபுர நாற்காலி! மாலை போட்ட கையோடு தங்களை அதில் அமர்த்தி, “நாடகம் முடிஞ்சதும் உங்க பேச்சு சார்” என்று சொல்லிவிட்டு மைக்கைப் பார்க்க ஓடினார் அவர். ஓடியவர் தங்களை மறந்தே போனார். மாலை வாங்கியவர், பேச அழைக்கப்படாமல் எழுந்திருக்கலாமா? தாங்கள் எழுந்திருக்கவில்லை. எங்களையெல்லாம் பார்ப்பதற்கென்றே அமர்த்தப்பட்ட தாங்கள், ஒன்றையும் பார்க்க முடியாமல், திரைக்குப் பின்னால் இருந்தபடி முழு நாடகத்தையும் காதால் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

கடைசிக் காட்சி. பிரேமாவதி திரையை இழுத்தாள்.

கழுத்தில் செண்டு மாலை, கையில் கச்சாங் பூத்தே பொட்டலம், வாயில் பாதி மென்ற கடலை. தாங்கள்!

வீடு போயிற்று, வேலை போயிற்று, அப்பாவை எங்கே கொண்டு வைப்பது என்று அந்த ஒரு நொடியில் அவள் மனதில் எல்லாம் ஓடியது. ஆனால் பாடம் செய்த வாய் நிற்குமா? தங்கள் முகத்துக்கு நேரே கையை நீட்டி, “பாருங்கள்! இங்கே ஒருவரும் இல்லை!” என்று கத்திவிட்டாள்.

கேண்டீனில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பின்னால் கைக்குழந்தை ஒன்று அழ, அதன் வாயையும் பொத்தினார்கள். தாங்கள் கடலையை விழுங்கினீர்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தீர்கள்.

“சரியாத்தான்மா சொல்ற. அங்க ஒருத்தரும் இல்ல” என்றீர்கள்.

யாருக்கும் விளங்கவில்லை.

“அந்த மாடிப்படி ஏறி நான் எத்தனையோ மாசமாச்சு. முட்டி வலி லா. டாக்டரு ஏறக்கூடாதுன்னுட்டாரு. பாய்லருக்குப் பின்னால பழைய பெட்டி ரூம் இருக்குல்ல, அங்கதான் ஒக்காந்து கணக்கு எழுதுறேன். மேல போகலேன்னு தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிருவாங்கன்னு எனக்கே பயம். சொல்லாம இருந்துட்டேன்.”

நாடகத்தில் கிழவி வேடம் போட்டிருந்த பாப்பம்மா அதே வேடத்தோடு முன்னால் வந்தார்.

“அப்ப செவப்பு லைட்ட யாரு சார் போடுறா?”

“எந்த லைட்டு?”

“தூணுல இருக்கே! நீங்க எங்கள பாக்கும்போது எரியுமே!”

தாங்கள் நெற்றியில் தட்டிக்கொண்டீர்கள். “அலாமாக்! அது கம்ப்ரஸர் லைட்டுமா! காத்து மெஷின் ஓடுனா எரியும், நின்னா அணையும்.”

முதலில் யார் சிரித்தது என்று இன்றுவரை தகராறு உண்டு. அதற்குப்பின் கேண்டீன் கூரை தாங்கவில்லை. சிரிப்பென்றால் வெறும் சிரிப்பா? மூன்றாண்டுச் சிரிப்பு! பாப்பம்மா மேடையிலேயே உட்கார்ந்து சிரித்தார், சிரித்தபடியே அழுதார். பிரேமாவதியின் கையைப் பிடித்துக்கொண்டு, “எம் மக பெரிய மனுசி ஆனத பக்கத்துல இருக்குற ஒங்கிட்ட கூட சொல்லாம, ஒரு காத்து மெஷினுக்கு பயந்து வாயப் பொத்திக்கிட்டு இருந்திருக்கேன் பாரு!” என்றார். பிரேமாவதிக்கும் அழுகை வந்தது. தன் நாடகத்தில் நாற்காலி காலி என்பதை அவள் தந்திரமாக எழுதினாள். அதுதான் உண்மை என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

நெஞ்சுரம் கொண்ட நேயரே! அன்று கேண்டீனில் சிரித்தவர்களில் ஒருவர் திங்கட்கிழமை காலையிலேயே நிர்வாகியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். அவர் யார் என்று நாங்கள் தேடவில்லை. தேடினால் மறுபடியும் ஒருவரையொருவர் முறைக்கத் தொடங்குவோம் என்று பாப்பம்மா தடுத்துவிட்டார். நிர்வாகி பிரேமாவதியைக் கூப்பிட்டு அனுப்பினார். அறை வாசலில் அவள் நிற்க, தாங்கள் முழங்காலை இழுத்துக்கொண்டு வந்து, அவளுக்கு முன்னால் உள்ளே போனீர்கள். உள்ளே ஆங்கிலத்தில் நடந்த பேச்சு அவளுக்குப் பாதிதான் புரிந்தது. நாற்காலியைக் குறிக்கும் ‘சேர்’ என்ற சொல் மட்டும் பலமுறை காதில் விழுந்தது. வெளியே வந்து தாங்கள்தான் மீதியைச் சொன்னீர்கள்:

“அந்தப் பொண்ணு எழுதுனதுல நாற்காலி காலி சார், போய் ஒக்காந்தது நான்தானே, கேக்குறதா இருந்தா என்னய கேளுங்கன்னு சொல்லிட்டேன். நீ வேலைக்குப் போம்மா.”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே சார்?”

“இனிமே கீழதான் ஒக்காரணுமாம். அதத்தான் நானும் இத்தன நாளா கேக்கப் பயந்துகிட்டிருந்தேன்.”

தங்களுக்கு மேல்மாடி போயிற்று, அதோடு வரவிருந்த பதவி உயர்வும் போயிற்று. அலுவலகத்தில் சிலர் கேலியும் பேசினார்கள். தாங்களோ மறுநாளே ஒரு மேசையைத் தூக்கிவரச் செய்து எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தீர்கள். முதல் வேலையாக, தண்டாஸுக்குப் போக வரிசைக்கு ஒன்றாக இருந்த மரக்கட்டைகளை எடுத்து மேசைக் காலுக்கு முட்டாகக் கொடுத்தீர்கள். புத்தாண்டில் பிரேமாவதி நிரந்தரமானாள். தைப்பூசத்துக்கு முன் வாரம் குழந்தைவேலு அண்ணனின் பஸ்ஸிலேயே அவர்கள் வீட்டுச் சாமான்கள் லூனாஸுக்கு வந்து இறங்கின. அவள் தகப்பனார் புது வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததைப் பார்த்தபோதுதான் அவளுக்கு மூச்சு முழுதாக வந்தது. எங்களுக்கும்தான்.

அன்றிலிருந்து நம் கூடத்தில் பேச்சு உண்டு, பாட்டு உண்டு, பாப்பம்மாவின் பாட்டுக்கு எதிர்ப்பாட்டும் உண்டு. ஓட்டைக் கையுறை ஒன்று கூடத் தப்பிப் போனதாக யாரும் சொன்னதில்லை.

அன்பின் திருவுருவே! தங்கள் இடத்துக்கு அடுத்த மாதம் கேமரா வரப்போகிறதாம். இரவு பகல் பார்க்காமல் பார்க்குமாம். ஐயா, அதற்கு முட்டி வலி வராது. கச்சாங் பூத்தேயும் தின்னாது. எங்களில் ஒருத்திக்காக நிர்வாகியின் அறைக்குள் முந்திக்கொண்டு போகவும் அதற்குத் தெரியாது. அதை நினைத்தால் கொஞ்சம் கவலைதான். ஆனாலும் பழைய பயம் இல்லை. இனி எங்கே சிவப்பு விளக்கு எரிந்தாலும், வாயைப் பொத்துவதற்கு முன், அது எதற்காக எரிகிறது என்று எழுந்துபோய்க் கேட்போம். அப்படிக் கேட்க வேண்டும் என்பதை நாங்கள் கற்றுக்கொண்டது தங்களால்தான்.

மெர்கோங்கில் தங்கள் மகள் அகத்தாவின் வீட்டில், மாடிப்படி ஒன்று கூட இல்லாத அந்த நல்ல வீட்டில், முழங்கால் வலி தீர்ந்து, பேரப் பிள்ளைகள் சூழ, பல்லாண்டு தாங்கள் நலமாக வாழ வேண்டுமென்று, கோயிலிலும் மாதா கோயிலிலும் நாங்கள் வேண்டிக்கொள்கிறோம்.

ஒன்றே ஒன்று, ஐயா. இப்போது தாங்கள் மாலையோடு அமர்ந்திருப்பது அதே நாற்காலிதான். கேட்டு வாங்கி வந்தோம். இம்முறை திரை போடவில்லை. விழா முடிந்ததும் தங்களை அழைத்து இறக்கிவிடும்படி குழந்தைவேலு அண்ணனிடம் சொல்லியிருக்கிறோம். அவர் மறந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். யாரையும் கேட்காமல் தாங்களே எழுந்து வந்துவிடலாம். நாங்கள் கீழேதான் இருக்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் வரிசையில் வேலை பார்த்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்
தொழிலாளர் நலச் சங்கத்தார்,
கையுறைத் தொழிற்சாலை, லூனாஸ், கெடா.
டிசம்பர் 1989