ஃபியர்ஸ் டாக் போர்டு

பின்ன இன்னா சார்! தபால்காரன்னா ஊட்டுக்கு வந்து தபால் குடுக்கணுமா வாணாமா? அந்தக் கலியன் வாசக் கேட்டத் தாண்டியே வர்ல சார்! எம் பொண்ணு சந்திரகலாவோட வேல ஆர்டர் அது... கும்மிடிப்பூண்டி பேக்டரில டைப்பிஸ்ட்டு! மூணு தபா வந்தானாம், மூணு தபாவும் நாய்க்கு பயந்துக்கினு ஓடிட்டு, கவர திருப்பி அனுப்ச்சிட்டான். பேக்டரில வேல செய்ற ரத்னா நேத்து சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். இன்னிக்கு சாயந்திரம் அஞ்சுக்குள்ள சேரலன்னா வேற பொண்ணுக்குப் பூடும். தோ, ரயிலு கவரப்பேட்ட தாண்டிடுச்சி... அந்த ஜன்னலாண்ட மூஞ்சத் திருப்பிக்கினு குந்திக்கினு கீறாளே, அவதான். எங்கூட பேச மாட்டாளாம்!

கேட்ல போர்டு கீது, ஒத்துக்கிறேன். 'ஃபியர்ஸ் டாக்'. புதுவாயல் பழைய சாமான் கடையில வாங்கினேன், எவனோ வெள்ளக்கார இன்ஜினீரு பங்களாவுல தொங்கினது. ஃபியர்ஸ்னா இன்னா தெரியுமா? பயங்கரம்... அத்த எல்லாரும் சொல்வாங்க! எங்க தெரு கிரேஸ் டீச்சர் தடியா ஒரு டிக்சனரி வெச்சிருக்காங்க சார். "லத்தீன்ல காட்டுத்தனம்னு பொறந்து, பிரான்ஸ் வழியா வந்த வார்த்தைண்ணே. அந்தக் காலத்து இங்கிலீஷ்காரங்க வீரன், கர்வக்காரன்னு சொல்றதுக்கும் இதத்தான் வெச்சிருந்தாங்க"ன்னாங்க. எனக்கு ஜிவ்வுனு ஏறிச்சி! வீரம், கர்வம்... அப்டியே எங்க வம்சம் சார்! அன்னிக்கே ஆணி அடிச்சி மாட்டிட்டேன்.

இத்தக் கலியனுக்கு எடுத்துச் சொன்னா, "அருணகிரி நைனா, லத்தீன் நாய் கடிச்சாலும் தொப்புள சுத்தி பதினாலு ஊசிதான். போட்டுக்கினவன் நான்"ங்கறான்! இன்னா பேஜாரு பாருங்க.

நாயா? இன்னா நாய்? எங்க ஊட்ல நாயே கெடையாது சார்!

குலைக்கிற சத்தம் கேட்டுச்சின்றான்... கேட்டுச்சுதான். அவன் பொய் சொல்ல மாட்டான்... சார், நீங்க வழில பாத்த ஆளு, உங்களாண்ட சொன்னா இன்னா. என் மச்சான் வீரராகவன் தெனமும் பத்து மணிக்கு நாஷ்டாவுக்கு வந்து நின்னுடுவான். எட்டு இட்லிக்குக் கொறையாது! நாய் வாங்கிட்டேன்னு அவனாண்ட சொல்லி வெச்சேன். கேட்டு தெறக்கற சத்தம் வந்தா அவன்தான்னு நெனச்சி, கதவுக்குப் பின்னால நின்னுக்கினு... நான்தான் சார் குலைச்சேன்!

"மேனேஜராண்ட நீயே உள்ள வந்து உண்மையச் சொல்லு, அப்பத்தான் எனக்கு வேல"ன்றா எம் பொண்ணு. படிச்ச மனுசன், எப்டி நம்புவாரு? செஞ்சி காட்டுன்னுவாரு. சும்மா குலைச்சா போதுமா, இப்டி கழுத்த நீட்டிக்கினு, வவுத்துலேர்ந்து... லொள்! லொள் லொள்!

சார்... சார், எங்க போறீங்க? இன்னும் ஸ்டேசன் வர்லியே! பைய வுட்டுட்டுப் போறீங்க!

அய்ய, சந்திரா... நீ சிரிக்கிறியா? சிரிச்சிட்டா! ஏம்மா, இன்னொரு தபா குலைக்கட்டா?