இன்னும் இரண்டு தண்ணீர்

டீசல் லாரி மெக்கானிக்கின் மனைவியும், வயது முப்பத்து நான்கு ஆனவளும், லாரிப் பட்டறைக்குப் பின்தெருவில் மூன்றாம் மாடியில் கணவர், மாமியார், கொழுந்தனாருடன் குடியிருப்பவளுமான நான், பெண் ஆய்வாளர் முன்னிலையில் என் விருப்பத்தின்பேரில் சொல்வதாவது:

என் கணவரின் வேலை உடுப்பில் டீசல் வாடை வீசாத நாள் கிடையாது. அதைத் தனி வாளியில் சோடா உப்புப் போட்டு ஊற வைத்து, சோப்புப் போட்டுத் துவைத்து, வினிகர் கலந்த தண்ணீரில் அலசி, நிழலில் காற்றாட உலர்த்துவேன். வாடை இருக்கும்வரை இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோக மாட்டேன்.

டயர் கிடங்கு எரிந்த மறுநாள் காலை அந்த வாளியில் கொழுந்தனாரின் வெள்ளைச் சட்டையும் கிடந்தது. ஒரு கைக்குட்டையைக்கூட நனைத்தறியாதவர் அவர். "என்ன தம்பி, கல்யாண ஆச வந்துடுச்சா? துணியெல்லாம் நீங்களே நனைக்கிறீங்க?" என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அண்ணன் உடுப்பிலிருந்து டீசல் ஒட்டியிருக்கும் என்று எண்ணி இரண்டையும் சேர்த்தே துவைத்தேன்.

அதன் பிறகு மதியம் காவலர்கள் வந்து, கொடியில் காய்ந்த வேலை உடுப்பை மோந்து பார்த்துவிட்டு, கிடங்கு முதலாளியோடு முன்பு கைகலப்பு நடந்ததையும் சொல்லி, என் கணவரை அழைத்துச் சென்றார்கள். கிடங்கின் காவல்காரர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகவும் சொன்னார்கள். கிடங்கில் கொழுந்தனாரை வேலையை விட்டு நிறுத்தியதால் வந்த கைகலப்பு அது. தம்பிக்காகக் கேட்கப்போனவர் என் கணவர். தீப்பிடித்த அன்று வேலையிலிருந்து வந்ததும் இரவு முழுவதும் அவர் காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்தார்.

அதன் பிறகு இன்று காலை, கைக்கு வேலை கொடுத்தால் மனம் அடங்கும் என்று வெள்ளைச் சட்டையை எடுத்தேன். மோந்து பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. இஸ்திரிச் சூடு பட்டதும் வாடை குப்பென்று கிளம்பியது. அது டீசல் இல்லை, பெட்ரோல். பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

திரும்பினால் மாமியார் கதவருகே நின்றார். "இன்னும் ரெண்டு தண்ணில அலசிப் போட்டுடும்மா" என்றார்.

"அத்தை, அவர் உள்ள இருக்காரே" என்றேன்.

"பெரியவன் தாங்கிக்குவான். சின்னவன் தாங்க மாட்டான்" என்றார்.

அதன் பிறகு காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லி, சட்டையை நனைக்காமல் பையில் போட்டுக் கொண்டுவந்து இங்கே ஒப்படைத்தேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. என் பின்னாலேயே வந்த மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருக்கிறார். என்னைப் பின்வாசல் வழியாக அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)